ஆர்த்தோ பி.ஜி.க்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி: புதிதாக ஆசிரியர் ஆனவர்களுக்கு

எம்.எஸ். ஆர்த்தோ, அதாவது எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கான முதுகலை, மூன்று வருடப் படிப்பு. முதல் நாளிலிருந்தே பி.ஜி.க்களின் (முதுகலை மாணவர்களின்) மனம் முழுக்க தியேட்டரில்தான் இருக்கும். "மேடம், எனக்கு எப்ப கேஸ் தருவீங்க?" என்று கேட்காத பி.ஜி.யை நான் பார்த்ததில்லை. கேட்பது நல்லதுதான். ஆனால் எந்த வரிசையில் கொடுப்பது, கொடுக்கும்போது நாம் எங்கே நிற்பது, முடிந்த பிறகு என்ன பேசுவது என்பதெல்லாம் கற்றுக்கொடுப்பவர் பொறுப்பு. நேற்று வரை சீனியர் ரெசிடென்டாக இருந்தவர் இன்று உதவிப் பேராசிரியர் ஆகிவிடுகிறார். நடுவில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தருவதில்லை. அப்படிப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இரணியல் பக்கத்துக்காரி. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அளவில் சின்னது. ஆனால் மலையோர ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் வயலும் கடலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவர், ரப்பர் பால்வெட்டுக் கத்தி விரலில் பாய்ந்தவர், படகு வின்ச்சில் கை சிக்கியவர், களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்தவர், மழை நாளில் முற்றத்தில் வழுக்கி இடுப்பு முறிந்த பாட்டி என்று எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே வார்டில் படுத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால் வழுக்கி விழுவதற்கும் இரண்டு சீசன். பி.ஜி.க்கு வேண்டிய பாடத்திட்டத்தை ஊரே கொடுத்துவிடுகிறது. அதை வரிசைப்படுத்தித் தருவதுதான் நம் வேலை.

முதல் இரண்டு மாதம் மாவுக்கட்டு அறை

ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி. வந்ததும் நான் முதலில் அனுப்பும் இடம் மாவுக்கட்டு அறை. அங்கே பல வருடமாகக் கட்டுப் போடும் டெக்னீசியன் அண்ணன் ஒருவர் இருப்பார். டாக்டருக்குப் படித்தவர் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சத்தை முதல் நாளே போக்குங்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போய், "அண்ணே, இவரு புது பி.ஜி. நீங்கதான் கையைப் பழக்கணும்" என்று பி.ஜி. முன்னாலேயே சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ஆர்த்தோ யூனிட்டின் பாதி மானத்தைக் காப்பாற்றுவது அந்த அண்ணன்மார்தான்.

மணிக்கட்டு முறிவை எடுத்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றி விழுந்த பாட்டிகளுக்கு வரும் கோலீஸ் முறிவு. தினமும் ஒன்றாவது வரும் என்பதால் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. முறிந்த இடத்தில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசி போட்டு, மருந்து பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பி.ஜி.க்கள் அவசரப்படுவது இங்கேதான். அந்த நேரத்தில் ஸ்லாப்பை (மாவுத் துணி அடுக்கை) அளந்து வெட்டச் சொல்லுங்கள். கைக்கு எட்டிலிருந்து பத்து அடுக்கு, காலுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடுக்கு. தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், ஆனால் மாவு இறுகும்போது தானே சூடாகும். வெந்நீரும் கூடுதல் அடுக்கும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ஈரக்கட்டுக்கு அடியில் தலையணை வைத்தாலும் சூடு வெளியேறாது.

பிறகு இழுப்பது. இழுப்பு என்றால் வெடுக்கென்று இல்லை. ஒருவர் முழங்கைக்கு மேல் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, மற்றவர் கையைப் பிடித்து நிதானமாக, விடாமல், எலும்பு முனைகள் விடுபடுவது உள்ளங்கைக்குத் தெரியும்வரை இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் மணிக்கட்டைக் கீழ்நோக்கியும் சுண்டுவிரல் பக்கமும் சாய்ப்பது. இதில் பி.ஜி.க்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, மணிக்கட்டை அளவுக்கு மீறி மடக்காதே என்பது. அப்படி மடக்கிக் கட்டினால் எக்ஸ்ரே அழகாக இருக்கும், மீடியன் நரம்பு நசுங்கி ராத்திரி முழுக்க விரல் மரத்துப்போகும். மாவு இறுகும்வரை உள்ளங்கையால்தான் பிடிக்க வேண்டும். விரல் நுனியால் பிடித்தால் குழி விழும், அந்தக் குழி உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். உள்ளங்கை ரேகை வெளியே தெரிய வேண்டும், விரல்கள் முழுதாக மடங்க வேண்டும்.

கட்டு முடிந்ததும் பி.ஜி. எக்ஸ்ரே எடுத்து வர ஓடுவார். நிறுத்துங்கள். "பாட்டிகிட்ட விரல மடக்கி நிமித்தச் சொல்லு. ராத்திரி வலி கூடினா, விரல் நீலமானா, மரத்தா, எந்த நேரமா இருந்தாலும் வரணும்னு சொல்லு. கூட வந்திருக்கிற பிள்ளைகிட்டயும் சொல்லு. நாளைக்குக் காலையில கட்டைக் காட்ட வரச் சொல்லு." இவ்வளவும் சொன்ன பிறகுதான் கட்டுப் போட்டு முடிந்தது என்று கணக்கு.

இன்னொன்றும் செய்யுங்கள். பி.ஜி.க்கள் ஒருவருக்கொருவர் முழங்கைக்குக் கீழே ஒரு முழுக் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு ராத்திரி அதோடு தூங்கி எழுந்து வரட்டும். அரிப்பும், குளிக்கும் கஷ்டமும், கட்டு இறுகும்போது ஏறும் சூடும் அப்போது புரியும். காலையில் கட்டர் வைத்து ஒருவர் கட்டை இன்னொருவர் வெட்டட்டும். கட்டரை மேலே கீழே அழுத்தி எடுக்க வேண்டும், இழுத்துக்கொண்டே போகக் கூடாது, பிளேடு சூடாகிறதா என்று இடையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் தன் தோலின் மேல் பிளேடு ஓடும்போது கேட்டவர் பிறகு மறக்கமாட்டார்.

எக்ஸ்ரேயை மறைத்து வைத்துக் கற்றுக்கொடுங்கள்

இப்போதைய பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே மொபைலில் முதலில் வந்துவிடுகிறது, நோயாளி பிறகுதான் வருகிறார். ரவுண்ட்ஸில் நான் அதை அனுமதிப்பதில்லை. முதலில் எப்படி விழுந்தார் என்று நோயாளியின் வாயாலேயே கேட்க வேண்டும். பிறகு பார்த்து, தொட்டு, அசைத்துச் சொல்ல வேண்டும். "என்ன எக்ஸ்ரே கேட்பாய், ஏன்?" என்று நான் கேட்பதற்குப் பதில் வந்த பிறகே படம் திறக்கும்.

தேங்காய் வெட்டுபவர் உதாரணத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வேன். மரத்திலிருந்து நேராகக் காலூன்றி விழுந்தவர் குதிகால் வலி என்று வருவார். குதிகால் வீங்கிக் கன்றியிருக்கும். பி.ஜி. பாதத்துக்கு மட்டும் எக்ஸ்ரே எழுதுவார். குதிகால் எலும்பு உடையும் அளவுக்கு இறங்கிய வேகம் அங்கேயே நின்றிருக்காது. மேலே ஏறி முதுகெலும்பிலும் அடித்திருக்கலாம். இப்படி விழுந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். அதனால் குதிகால் முறிவைப் பார்த்ததும் மற்றக் குதிகால், முழங்கால், இடுப்பு, முதுகு அனைத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். "முதுகு வலிக்கலியே" என்று அவரே சொல்வார், குதிகால் வலி அதை மறைத்துவிடும். பனையேறிகளுக்கும் இதே விதிதான்.

கடல்காரர்கள் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். அங்கே கை நசுங்கினால் கரை வந்து சேரும்போது காயத்துக்குச் சில நாள் வயதாகியிருக்கும். "எப்போ அடிபட்டது?" என்பதற்கு "இன்னைக்குத்தான் கரைக்கு வந்தேன்" என்று பதில் வரும். அது அடிபட்ட நேரம் கிடையாது. கடல் தண்ணீர் பட்ட காயத்தில் வரும் கிருமிகளும் வேறு. அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி மைக்ரோபயாலஜி துறையில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள், வேறு துறைக்கு நடந்து போய்ப் பேசுகிற பழக்கமும் வரும்.

குழந்தைகளின் முழங்கைக்குத் தனியாக ஒரு மத்தியானமே ஒதுக்குங்கள். கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஆறு வயசுப் பையன், முழங்கைக்கு மேலே முறிவு, அழுகை. அவனிடம் "நரம்பு பரிசோதனை" என்று தொடங்கினால் கையையே தரமாட்டான். விளையாட்டாகச் செய்ய வேண்டும். "கல்லு காட்டு மக்கா" என்றால் கையை மூடுவான், அது மீடியன். "பேப்பர் காட்டு" என்றால் விரிப்பான், அது ரேடியல். "கத்தரிக்கோல்" என்றால் அல்நார். கடைசியாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டு "சூப்பர்" காட்டச் சொன்னால் முன்பக்க இன்டர்ஆசியஸ் நரம்பு. இந்த முறிவில் அதிகம் அடிபடுவது இந்தக் கடைசி நரம்புதான். தோலில் மரத்துப்போவது இதில் இருக்காது என்பதால், கேட்காவிட்டால் தெரியவே தெரியாது. நாடியும் விரல் நிறமும் பார்த்து, நேரம் போட்டு எழுத வேண்டும். எலும்பைச் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. முன்னால் எழுதாவிட்டால், பின்னால் நரம்பு வேலை செய்யாதபோது அது விழுந்ததால் வந்ததா நம் கையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசானிடம் போய்விட்டு வருபவர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து வரும் பி.ஜி.க்களுக்கு இங்கே புரிபட நாளாகும் விஷயம் இது.

வர்ம வைத்தியம் இந்த மண்ணில் ஆழமாக வேரோடியது. சுளுக்கோ முறிவோ, முதலில் ஆசானை, அதாவது வர்ம வைத்தியரை, பார்த்து எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அதே மண்ணில் நவீன அறுவை சிகிச்சைக்கும் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் பல வருடம் வேலை செய்தது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில். இரண்டு வாசலுக்கும் போய்ப் பழகிய மக்கள் நம்மிடம் வருகிறார்கள் என்பதைப் பி.ஜி.க்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டோடு வரும் நோயாளியை "ஏன் அங்க போனீங்க?" என்று திட்டக் கூடாது. என் யூனிட்டில் இது சட்டம். திட்டினால் அவர் அடுத்த கேள்விக்கு உண்மையைச் சொல்லமாட்டார். நமக்கு அந்த உண்மை வேண்டும்: கட்டி எத்தனை மணி நேரம் ஆகிறது, இடையில் கட்டை அவிழ்த்துக் கட்டினார்களா, விரல் எப்போதிலிருந்து அசையவில்லை. திட்டு வாங்கியவர் நாளைக்கு இன்னொருவரையும் நம் பக்கம் வரவிடமாட்டார்.

இறுக்கமான கட்டோடு வலியில் துடித்துக்கொண்டு ஒருவர் வந்தால், கட்டைத் துணியோடு, உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சோடு, தோல் தெரியும்வரை முழுதாக வெட்ட வேண்டும். மேல்துணியை மட்டும் தளர்த்தினால் போதாது. நம் மாவுக்கட்டுக்கும் இதேதான், வெட்டிய பிறகு உள்பஞ்சை விட்டுவைத்தால் அழுத்தம் குறையாது. பிறகு விரல்களைப் பிடித்து மெதுவாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, விரலை நிமிர்த்தினால் அலறல், ஊசி போட்டும் அடங்காத வேதனை. தசையுறைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் இப்படித்தான் தெரியவரும். நாடி துடிக்கிறதே என்று பி.ஜி. நிம்மதி அடைவார், அந்த நிம்மதியை அங்கேயே உடையுங்கள். நாடி கடைசியில்தான் போகும். தசை அதற்கு முன்பே சாக ஆரம்பித்திருக்கும், சுமார் ஆறு மணி நேரத்தில் அந்தச் சேதம் மீளாது. கையை இதய மட்டத்தில் வைக்க வேண்டும். தூக்கி வைத்தால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். அழுத்தம் அளக்கும் கருவி இருந்தால், டயஸ்டாலிக் ரத்த அழுத்தத்துக்கும் (கீழ் அளவு) தசையின் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 மி.மீ.க்குக் கீழே வந்தால் தசையுறையைத் திறக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கும் வாய் பேசாத குழந்தைக்கும் அந்த அளவு முக்கியம். விழித்துப் பேசுகிற நோயாளிக்கு, விரலை நிமிர்த்தும்போது வரும் அலறலே போதும்.

ராத்திரி டியூட்டி, போன்

டியூட்டி அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். எந்த நேரமானாலும் என்னை எழுப்ப வேண்டிய கேஸ்கள்: தோல் கிழிந்து திறந்த முறிவு, கம்பார்ட்மென்ட் சந்தேகம், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு விலகல், நாடி இல்லாத கை கால், காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கும் குழந்தை, முதுகு அடிபட்டுச் சிறுநீர் போகாதவர், பல இடங்களில் அடிபட்டவர். பட்டியலைவிட முக்கியம், போன் எடுத்ததும் உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பது. "இதுக்கெல்லாமா எழுப்புற?" என்று ஒருமுறை கேட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை எழுப்ப வேண்டிய கேஸுக்கும் அந்தப் பிள்ளை யோசிக்கும். அந்த யோசனையில் போகும் நேரம் நோயாளியுடையது. இடுப்பு மூட்டு விலகலை ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போட்டால்தான் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் கெடாமல் இருக்க நல்ல வாய்ப்பு.

தோல் கிழிந்து திறந்த முறிவுக்கு ஒரே வரிசை. மூச்சு, ரத்த ஓட்டம் பார்த்தாகிவிட்டதா? ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், டெட்டனஸ் ஊசி. காயத்தை ஒரு படம் எடுத்து, சலைன் நனைத்த துணியால் மூடி, சிம்பு வைத்துக் கட்டு. படம் எடுப்பது எதற்கென்றால், அதன் பிறகு வரும் ஒவ்வொருவரும் துணியைத் திறந்து பார்க்காமல் இருப்பதற்கு. காலைக் காப்பாற்றலாமா எடுக்க வேண்டுமா என்று கேள்வி வந்தால், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் உருவாகி 2006ல் வெளியான மதிப்பெண் முறையைப் பி.ஜி. தானே போட்டுக் காட்டட்டும். தோல், எலும்பு, தசை, நோயாளியின் பொது நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண். 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17ஓ அதற்கு மேலோ என்றால் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். நடுவில் வருவது அனுபவசாலிகள் கூடி முடிவெடுக்க வேண்டியது. நம் ஊர்க் காயங்களைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் செய்த அளவுகோல் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

சாலை விபத்தில் வந்தவருக்கு "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதைக் கேஷுவாலிட்டியில் நிற்கும் பி.ஜி. அறிந்திருக்க வேண்டும். பணத்துக்கு என்ன செய்வது என்று கைபிசைந்து நிற்கும் அப்பாவிடம் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ராத்திரி முழுக்க நின்றவரை மறுநாள் தியேட்டரில் நிறுத்தாதீர்கள். 2023ம் வருட முதுகலை விதிமுறைகளிலேயே நியாயமான வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை எல்லாம் எழுதியிருக்கிறது. "நாங்கள்லாம் அந்தக் காலத்துல" என்று தொடங்கும் பேச்சு யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. தூக்கம் இல்லாத கை டிரில்லைப் பிடிக்கக் கூடாது.

தியேட்டரில் கையைக் கொடுப்பது

ஒரு அறுவை சிகிச்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். துண்டு துண்டாகக் கொடுங்கள். படுக்க வைப்பது, துணி விரிப்பது, தையல் போட்டு மூடுவது முதலில். பிறகு திறப்பது. பிறகு பிளேட்டில் கடைசி இரண்டு ஸ்க்ரூ. பிறகு முதல் ஸ்க்ரூ. எலும்புத் துண்டுகளைச் சேர்ப்பது கடைசி. அதுதான் அறுவையின் உயிர், மற்றதெல்லாம் அதைத் தாங்குவதற்கு. எந்தத் துண்டு இன்று யாருக்கு என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மேஜை மேல் வைத்துப் பேரம் பேசக் கூடாது.

முந்தின ராத்திரி பி.ஜி. எக்ஸ்ரேயின் மேல் தாள் வைத்து முறிவை வரைந்து, எந்தப் பிளேட், எத்தனை துளை, எந்த வரிசையில் ஸ்க்ரூ, சரியாக வராவிட்டால் அடுத்த வழி என்ன என்று எழுதி வர வேண்டும். படம் வரையாதவர் அன்று அசிஸ்ட் மட்டும் செய்வார். இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

டிரில் பிடிக்கும் கையை நோயாளியின் எலும்பில் பழக்காதீர்கள். பயிற்சிக்கென்று விற்கும் பிளாஸ்டிக் எலும்பு விலை அதிகம். முற்றிய மூங்கில் எங்கும் கிடைக்கும். நாகர்கோவில் வடசேரி சந்தைப் பக்கம் இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் ஆட்டுத் தொடை எலும்பு கிடைக்கும். மூங்கிலில் முன்சுவர், நடுவில் வெற்றிடம், பின்சுவர். எலும்பும் அப்படித்தான். டிரில் முன்சுவரைத் தாண்டும்போது சத்தம் ஒருமுறை மாறும், பின்சுவரில் ஏறும்போது இன்னொருமுறை கனக்கும். பின்சுவரைத் தாண்டும் நொடியில் கை நிற்க வேண்டும். எலும்புக்குப் பின்னால் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கின்றன. மூங்கிலுக்குப் பின்னால் ஒரு தெர்மாகோல் பலகையை ஒட்டிவையுங்கள். டிரில் எவ்வளவு பாய்ந்தது என்று குழியின் ஆழம் காட்டிவிடும். குழி விழாமல் துளை போடும்வரை பி.ஜி. தியேட்டரில் டிரில்லைத் தொடுவதில்லை.

"சத்தம் மாறுது கேக்குதா?" என்று கேட்டபடி பக்கத்தில் நிற்பேன். முதல் நாள் "கேக்கல மேடம்" என்பார்கள். ஒரு வாரத்தில் எனக்கு முன்னால் அவர்கள் கைநிறுத்துவார்கள். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. டிரில், 4.5க்கு 3.2 என்பதெல்லாம் இந்த மூங்கில் நாட்களிலேயே மனப்பாடமாகிவிடும். கூடவே சலைன் ஊற்றும் பழக்கமும். மழுங்கிய டிரில் பிட் எலும்பைச் சூடாக்கும், 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலே எலும்புச் செல்கள் சாகும், ஸ்க்ரூ பிறகு தளரும்.

மேஜையில் நின்றுகொண்டு திட்டக் கூடாது. நடுங்கும் கை திட்டினால் இன்னும் நடுங்கும், விழித்திருக்கும் நோயாளியின் காதிலும் அது விழும், நம் அறுவைகளில் பாதி முதுகில் ஊசி போட்டுத்தான் நடக்கிறது. ஆபத்து என்றால் சொல்ல ஒரே சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது "நில்லு". அதைக் கேட்டதும் கை அப்படியே நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு பேசலாம். கருவியை நான் வாங்கிக்கொண்டால் அது தண்டனை இல்லை என்பதையும் முன்பே பேசிவைத்திருப்போம். அன்றைக்கே அந்தத் துண்டை மறுபடி கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

முடிந்ததும், கவுன் கழற்றும் இடத்திலேயே பேசிவிடுங்கள். எது சரியாக வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாய், இன்று ராத்திரி என்ன படிப்பாய் என்று கேட்டால் போதும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பிள்ளைகள் தயங்குவார்கள், வற்புறுத்திக் கேளுங்கள். எது சரியாக வந்தது என்று தெரியாதவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. பி.ஜி.க்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்பார்கள், நாமும் கவனிப்பதில்லை. கதிர் கிளம்பும் குழாய்ப் பக்கம்தான் சிதறல் அதிகம், எனவே படம் பிடிக்கும் பக்கம் நிற்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகும். ஈய ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், தொங்கவிட வேண்டும். தைராய்டு காப்பும், கதிர் அளக்கும் பேட்ஜும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். சின்ன உடம்புக்காரர்களுக்குப் பொருந்தும் ஏப்ரன் வாங்கித்தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள், அக்குளில் இடைவெளி விடும் ஏப்ரன் போட்டும் பயனில்லை.

பெண்களுக்கு ஆர்த்தோ கஷ்டம், பலம் வேண்டும் என்று இன்னும் சொல்கிறார்கள். விலகிய இடுப்பைக் கட்டில் மேல் ஏறி நின்று இழுப்பது ஒரு முறை. காலைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, தன் முழங்காலை நோயாளியின் முழங்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகாலை எழுப்பி நெம்புவது இன்னொரு முறை. இரண்டாவதில் வேலை செய்வது உடம்பின் அமைப்பு, தோள்பட்டையின் கனம் கிடையாது. மேஜை உயரத்தை ஆபரேஷன் செய்பவரின் முழங்கைக்கு இறக்குங்கள், அல்லது ஏறி நிற்கப் படி போடுங்கள். எலும்பைச் சேர்ப்பதில் தசை தளர்ந்திருப்பதும் திசை சரியாக இருப்பதும்தான் காரியத்தை முடிக்கும். இதைச் செய்துகாட்டினால் ஆண் பி.ஜி.க்களும் முரட்டுத்தனத்தை விடுகிறார்கள்.

தீசிஸ், லாக் புக், மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சி இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீசிஸ் தலைப்பு நம் ஓ.பி.யில் தினமும் வரும் முறிவாக இருந்தால் நோயாளிகளைத் தேடி அலைய வேண்டாம். லாக் புக்கில் வாரக் கடைசியில் கையெழுத்துப் போடுங்கள், வருடக் கடைசியில் போட்டால் அது வெறும் மை. மாவட்டப் பயிற்சிக்குப் போகிறவரிடம், அங்கே இல்லாத கருவியை நினைத்து வருந்தாமல் இருக்கும் கருவியால் என்ன செய்யலாம் என்று எழுதி வரச் சொல்லுங்கள்.

போட்ட கட்டின் கதையைப் பின்தொடர வைப்பது

ஒவ்வொரு பி.ஜி.க்கும் ஒரு நோட்டு. அவர் கட்டுப் போட்டவர்கள், அவர் கை வைத்த அறுவைகள். ஆறு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று அவர்கள் ஓ.பி.க்கு வரும்போது வேறு யார் டியூட்டியாக இருந்தாலும் அந்த பி.ஜி.யைக் கூப்பிட்டு விடுங்கள். சேர்ந்த எலும்பையும் சேராத எலும்பையும் அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை செய்யும் அம்மாவுக்கு மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தாலும் கொட்டை உடைக்க முடிகிறதா என்று கேட்டால்தான், எக்ஸ்ரேயின் கோணத்துக்கும் மனுஷியின் தேவைக்கும் உள்ள தொடர்பு பிடிபடும்.

இதற்கு நல்ல பயிற்சிக்களம் பிறவியிலேயே பாதம் உள்மடங்கிய குழந்தைகளின் ஓ.பி. பொன்செட்டி முறையில் வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு கட்டு, பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை ஊசிமுனை அளவில் வெட்டுவது, பிறகு மூன்று வாரம் கடைசிக் கட்டு. முடிந்தது என்று பி.ஜி. நினைப்பார். அசல் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டு காலணியையும் கம்பியால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும் நேரமெல்லாம், நாலு ஐந்து வயசு வரை போட வேண்டும். விட்டால் பாதம் திரும்ப மடங்கும். "புள்ள ராத்திரி முழுக்க அழுவுது டாக்டரே, கழட்டிப் போட்டுட்டேன்" என்று தாய் வந்து சொல்வாள். அவளிடம் பொறுமையாக உட்கார்ந்து, காலணி எங்கே உராய்கிறது என்று பார்த்து, குதிகால் உள்ளே இறங்கும்படி வாரை இழுத்துக் காட்டி, திரும்பப் போட வைப்பது பி.ஜி.யின் வேலை. அதை நர்ஸிடம் தள்ளிவிட அனுமதிக்காதீர்கள்.

அந்தக் குழந்தையின் சிகிச்சை பி.ஜி.யின் மூன்று வருடத்தைவிட நீளம். அதனால் படிப்பு முடிந்து போகும் மாதத்தில், போகிறவர் தன் குழந்தைகள் ஒவ்வொருவரின் தாயிடமும் அடுத்த பேட்ச் பி.ஜி.யை நேரில் கூட்டிப்போய், "இனி இவங்கதான் பார்ப்பாங்க" என்று சொல்ல வேண்டும். காலணி அளவு, அடுத்த தேதி, வீட்டு போன் எண் மூன்றும் நோட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அவருடைய நோ-டியூஸ் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.